கொவேலா பிரிவில் ஒரு பெருக்கல் குறி

பாதைக்குக் குறி போடுகிறவர், ஒவ்வொரு குறியையும் தீட்டி முடித்தபின் முப்பது அடி பின்னால் போய், முதுகைக் காட்டி நின்று, பிறகு ஊர் பேர் தெரியாத ஒருவர் முதல்முறை பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போது குறி தானாகக் கண்ணில் விழ வேண்டும். தேடினால்தான் தெரியும் என்றால் அது குறியே இல்லை. நகராட்சி கொடுத்த கையேட்டில் இப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பெல்மிரோ தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி இது. சான் மமேதுவிலிருந்து லெரா ஆற்றை ஒட்டி போர்த்து ஊர்வரை போகும் பதினாலு கிலோமீட்டர் நடைவழியில் இருநூற்றுப் பன்னிரண்டு குறிகள். பதினோரு வருஷமாக அத்தனையையும் அவர் அப்படித்தான் பார்த்துவந்தார்.

குறிகளில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. மஞ்சள் கோடு மேலே, சிவப்புக் கோடு கீழே, இணையாக இருந்தால் சரியான வழி. அதே இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிப் பெருக்கல் குறியாக இருந்தால், இந்தப் பக்கம் வராதே.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை அவர், பாதை இரண்டாகப் பிரியும் கொவேலா பிரிவில் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஜனவரி வெள்ளத்தில் கொவேலாவுக்கு அப்பால் ஓடைமேல் இருந்த மரப்பாலம் போய்விட்டது. புதுப் பாலத்துக்குப் பணமில்லை என்று நகராட்சி கையை விரித்துவிட்டு, நடைவழியை ஆற்றோரமாகவே திருப்பிவிட்டது. அங்கே போன வருஷம்தான் மரப்பலகைப் பாதை போட்டிருந்தார்கள். நகராட்சி இஞ்சினியரம்மா போனில் சொன்னாள்:

"பெல்மிரோ சார், பிரிவுல ஆத்துப் பக்கம் ரெண்டு கோடு, மேல ஏறுற பக்கம் பெருக்கல் குறி. நல்லா எடுப்பாத் தெரியணும். யாராவது மேல ஏறிப் போயி ஓடையில வழுக்கி விழுந்தா நம்ம தலைதான் உருளும்."

"தெரியும்மா. போட்டுர்றேன்."

"போர்த்து பக்கத்துப் பிரிவுலயும்."

"அது அடுத்த வாரம். பண்டிகை முடியட்டும்."

மேலே ஏறுகிற பக்கம் கொவேலா. அதில் பத்தொன்பது பலகைக்கல் வீடுகள். பதினெட்டு வீட்டுச் சாவிகள் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்தன. ஆகஸ்டு மாதம் மட்டும் கார்களோடு வரும், போகும். பத்தொன்பதாவது வீடு பெல்மிரோவுடையது.

பிரிவில் ஒரு மார்பளவுப் பாறை உண்டு. அதன் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிட்டு, தகர அச்சை வைத்து மஞ்சளை இழுத்தார். அது காய்ந்தபின் சிவப்பு. முப்பது அடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தார். குறி பளிச்சென்று கண்ணில் அறைந்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: குறி எண் 87. கொவேலா பிரிவு. பெருக்கல். நன்றாகத் தெரிகிறது. பிறகு அந்தக் குறியைத் தாண்டித் தன் வீட்டுக்கு ஏறிப் போனார்.

தன் வீட்டுக்குப் போகும் வழியைத் தானே அடைத்திருக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. அது நடைவழிக்காரர்களுக்கான குறி. அவர் வீட்டுக்காரர்.

இந்தப் பக்கத்தில் ஈஸ்டர் நாளான உயிர்ப்பு ஞாயிறன்று சிலுவை வீடு வீடாக வரும். ஃபாதரின் பொறுப்பில் பதினோரு பங்குக் கோயில்கள் இருப்பதால் ஊர்க்காரர்களே சிவப்பு மேலங்கி போட்டுக்கொண்டு கொண்டுவருவார்கள். முன்னால் கைமணி, பின்னால் சிலுவை, அதன் பின்னால் தீர்த்தச் செம்பு. வீட்டுக்காரர்கள் சிலுவைக்கு முத்தம் கொடுத்து, வந்தவர்களுக்குச் சாப்பிடக் கொடுப்பார்கள். எந்த வீட்டுக்குள் நுழைவது, எந்த வீட்டைத் தாண்டிப் போவது என்பதை அவர்கள் கேட்க மாட்டார்கள். வாசற்படியில் பச்சை தூவியிருந்தால் வாருங்கள் என்று அர்த்தம். சோம்புத்தழை, ரோஸ்மேரி, மஞ்சள் புதர்ப்பூ, கமேலியா இதழ், கைக்கு அகப்பட்டது எதுவானாலும் சரி. படி வெறுமையாக இருந்தால் ஒரு நிமிஷம் நிற்பார்கள். பிறகு மணியை அடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். கதவைத் தட்டுவது மரியாதை இல்லை. முன்கூட்டியே வாருங்கள் என்று சொல்லிவைப்பதும் வழக்கமில்லை. சொல்ல வேண்டியதைத் தழை சொல்லும்.

மனைவி ஒத்தீலியா இருந்தவரை தழை வெட்டுவது அவள் வேலை. அவள் இறந்த நவம்பருக்கு அடுத்த உயிர்ப்பு ஞாயிறு, பெல்மிரோ கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைவரை போய்ச் சோம்புச் செடிக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பிவந்தார். மணி வந்தது. கதவுக்கு உள்ளே, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். வெளியே ஐந்து பேர் மூச்சு வாங்குவது கேட்டது. சிலுவை தூக்கிவந்த எர்மீனியோ இருமினார். பிறகு மணி இறங்கிப் போயிற்று. மறு வருஷமும் அப்படியே. போன வருஷமும் அப்படியே. ஒரே ஒரு வீட்டுக்காக முக்கால் மணிநேரம் மலை ஏறி, வெறும் படியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

இந்த வருஷம் திறப்பது என்று பிப்ரவரியிலேயே முடிவு செய்துவிட்டார். காய்ச்சலில் நாலு நாள் கிடந்தார். ஐந்தாம் நாள் எழுந்து கோழிகளுக்குத் தீனி போடும்போது அவற்றைத் திட்ட வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. காய்ச்சலால் அல்ல, பேசாததால். நாலு நாளாகத் தன்னை யாரும் தேடவில்லை என்பது ஒரு பக்கம். தான் கிடப்பது யாருக்கும் எப்படித் தெரிந்திருக்கும் என்பது இன்னொரு பக்கம். முன்பெல்லாம் நடைவழிக்காரர்கள் வாரத்துக்குப் பத்துப் பேராவது வாசலைக் கடப்பார்கள். தண்ணீர் கேட்பார்கள், வழி கேட்பார்கள், பூனையைப் படம் பிடிப்பார்கள். பாலம் போனதிலிருந்து அதுவும் நின்றுபோயிற்று.

ஆகவே சிலுவை வரட்டும். ஐந்து பேர் உள்ளே வரட்டும். வீட்டுக்குள் மனுஷச் சத்தம் கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை ரொட்டி வண்டி மலையடிவாரத்தில் நின்றது. ரொட்டிக்காரன் செல்சோதான் சிலுவையோடு மணி அடித்துக்கொண்டு போகிறவன். பெல்மிரோ வழக்கமான ரொட்டியோடு சர்க்கரையும் கேட்டார்.

"எவ்வளவு மாமா?"

"ரெண்டு கிலோ."

"ரெண்டு கிலோவா! எறும்பு வளக்கிறீங்களா?"

"ஆமா. நல்ல ஜாதி எறும்பு."

"சொந்தக்காரங்க யாரும் வர்றாங்களா?"

இதுதான் சமயம். 'ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுப் படியைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போங்கடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது. சொன்னால் கெஞ்சுவதுபோல இருக்கும் என்று விழுங்கிவிட்டார்.

"யாரு வரப்போறா? எறும்புதான்" என்றார்.

"இந்த வருஷம் எர்மீனியோ மாமா தலைமை இல்ல, தெரியுமில்ல? கிராசிந்தா அக்காதான் சிலுவை தூக்குறாங்க. மாமாவுக்கு முட்டி போச்சு. ஆனா வராம இருக்க மாட்டாராம். தீர்த்தச் செம்பைக் கையில குடுத்திருக்கோம். முக்கிமுனகி நடந்துவரட்டும்."

"மெதுவாக் கூட்டிட்டு வாங்க."

"எங்க மெதுவா? முப்பத்தெட்டு வீடு. அஞ்சு மணிக்குள்ள கோயில்ல இருக்கணும்" என்றபடி செல்சோ வண்டியைக் கிளப்பினான்.

சனிக்கிழமை கதவுநிலைக்குச் சுண்ணாம்பு அடித்தார். கேக் செய்தார். வாழ்நாளில் முதல் கேக். பன்னிரண்டு முட்டை போட்டுச் செய்தது நடுவில் பள்ளமாக அமுங்கிப்போயிற்று. அதைக் கோழிகளுக்கே போட்டார். தங்கள் முட்டை தங்களுக்கே திரும்பி வந்ததைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கேக் எழும்பி நின்றது. ஓரம் மட்டும் லேசாகக் கருகியது. கத்தியால் சுரண்டிச் சரிசெய்தார்.

ஞாயிறு காலை வெயில் வருவதற்கு முன்பே சோம்புத்தழை வெட்டினார். இந்தத் தடவை செடிக்கு முன்னால் நிற்காமல், குனிந்து, வெட்டி, கூடையில் போட்டு, திரும்பிவந்தார். படியிலும் வாசலிலும் தூவினார். ரோஸ்மேரி தூவினார். மூடிக்கிடந்த பக்கத்து வீட்டுக் கமேலியா மரத்தில் யாரும் பறிக்காத பூக்கள் கொள்ளையாக இருந்தன. சுவிட்சர்லாந்தில் இருக்கும் வீட்டுக்காரர் கோபிக்கமாட்டார் என்று அவற்றையும் உதிர்த்தார். முப்பது அடி தள்ளிப் போய், முதுகு காட்டி நின்று, திரும்பிப் பார்த்தார். நன்றாகத் தெரிந்தது.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் கேக், பக்கத்தில் சர்க்கரை பூசிய பாதாம், இனிப்பு ஒயின், ஆறு சின்னக் கண்ணாடிக் குவளைகள் எல்லாம் வைத்தார். நாற்காலிகள் நாலுதான் இருந்தன. கொல்லையிலிருந்து பால் கறக்கும் முக்காலியையும் கழுவிக் கொண்டுவந்து போட்டார். கதவை அகலத் திறந்து அது அடிக்காமல் ஒரு கல்லை வைத்தார். சவரம் செய்துகொண்டார். பிறகு உட்கார்ந்தார்.

பள்ளத்தாக்கில் மணிச்சத்தம் ஏறிவரும். கண்ணை மூடிக்கொண்டே எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பத்தரைக்கு ஆலைப் பக்கம். பதினொன்றே காலுக்குக் கீழ்த்தெரு. அங்கே நேரம் எடுக்கும், நாலு வீடு ஒட்டி ஒட்டி இருக்கிறது. பன்னிரண்டுக்கு மணி மரங்களுக்குள் நுழைந்தது. சத்தம் மங்கியது. பிரிவுக்கு வருகிறார்கள். பெல்மிரோ எழுந்து மெழுகுவத்தியை ஏற்றினார்.

பிரிவில் மணி நின்றது.

ஏறுவதற்கு முன் மூச்சு வாங்குகிறார்கள். எர்மீனியோவின் முட்டி. கிராசிந்தா சிலுவையைக் கை மாற்றுகிறாள். பெல்மிரோ அவர்களுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார். பிறகு மணி அடித்தது. ஆனால் ஏறவில்லை. ஆற்றுப் பக்கம் போயிற்று. காற்று திருப்பிவிட்டிருக்கும் என்று நினைத்தார். வாசலுக்கு வந்து காது கொடுத்தார். காற்றே இல்லை. மணி மரப்பலகைப் பாதையில், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போர்த்து பக்கம் போயிற்று. கடைசியில் ஆற்றின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

மெழுகுவத்தியை அணைத்துவிட்டு, கதவை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். நடந்தார் என்று சொல்வதற்கில்லை. அறுபத்துநாலு வயதில் எப்படி ஓட முடியுமோ அப்படி ஓடினார்.

பிரிவில் ஈர மண்ணில் ஐந்து ஜோடிச் செருப்புத் தடம். வட்டமாகக் கூடி நின்றிருக்கிறார்கள். ஒரு தடம்கூட மேலே ஏறும் பக்கம் திரும்பவில்லை. ஏன் என்று புரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தார். மரம் விழுந்திருக்கிறதா? பாம்பா? அப்போது பாறையைப் பார்த்தார்.

மஞ்சளும் சிவப்புமாக, எடுப்பாக, முப்பது அடி தள்ளியிருந்தே கண்ணில் அறையும்படி, அவர் போட்ட பெருக்கல் குறி அங்கே இருந்தது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு மணி போன பக்கம் போனார்.

போர்த்தில் முதல் வீட்டிலேயே அவர்களைப் பிடித்துவிட்டார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா ஆட்டுக்குட்டி வறுவலைத் தட்டுத் தட்டாக வைத்துக்கொண்டிருந்தாள். சிலுவையைச் சுவரோரம் நாற்காலியில் பூத்துணி விரித்துச் சாத்தியிருந்தார்கள். எர்மீனியோதான் முதலில் பார்த்தார்.

"டேய் பெல்மிரோ! வாடா, வாடா. இந்தா, உக்காரு. உன் பேரைச் சொல்லித்தான் குடிச்சிக்கிட்டிருக்கேன். என் முட்டிக்கு இரக்கப்பட்ட ஒரே மனுஷன் நீதாண்டா."

பெல்மிரோவுக்கு மூச்சு திரும்ப நேரமாயிற்று. "ஏன் மேல வரல?" என்றார்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மேலயா?" என்றாள் கிராசிந்தா. தையல்கடைக்காரி, ஐம்பது வயதிருக்கும். முதல் தடவையாகச் சிலுவை தூக்குகிற பதற்றம் காலையிலிருந்தே முகத்தில் இருந்தது. "அண்ணே, நீங்கதானே அந்தக் குறி போட்டது?"

"நான்தான் போட்டேன். அது நடைவழிக்காரங்களுக்கு."

"நடைவழிக்காரங்களுக்குன்னு அதுல எழுதியா இருக்கு?" என்றான் செல்சோ. "போன வருஷம் வந்தோம், படி காலி. முந்தின வருஷமும் காலி. இந்த வருஷம் நீங்க போட்ட குறி, நீங்க போட்ட பெயிண்டு, உங்க வீட்டுக்குப் போற வழியில நிக்குது. என்னத்துக்கு வீணா ஏறி எறங்குறீங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னு நெனச்சோம்."

"மரியாதையாத்தான் சொல்லியிருக்கீங்கன்னு பேசிக்கிட்டோம்" என்றாள் கிராசிந்தா மெதுவாக. "கதவைச் சாத்திக்கிட்டு உள்ள நிக்கிறதுக்கு இது மேல்னு."

உள்ளே நின்றது தெரிந்திருக்கிறது. மூன்று வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

"படியில தழை போட்டிருக்கேன்" என்றார் பெல்மிரோ.

எர்மீனியோ குவளையைக் கீழே வைத்தார். வீட்டுக்காரம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். செல்சோ பிறகு தன் தலையில் தானே ஒரு அடி அடித்துக்கொண்டான்.

"ரெண்டு கிலோ சர்க்கரை! என் மண்டையில ஏறவே இல்ல பாருங்க. எறும்புன்னாரு, நானும் எறும்புன்னே நம்பிட்டேன். மாமா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்றது வழக்கமில்லையே."

"குறி போடுறது மட்டும் வழக்கமா?"

"செல்சோ, சும்மா இரு" என்றாள் கிராசிந்தா. அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததைப் பெல்மிரோவும் பார்த்தார். இன்னும் பதினைந்து வீடுகள். ஐந்து மணிக்குப் பங்கிலுள்ள எல்லாச் சிலுவைகளும் கோயில் வாசலில் ஒன்றுசேர வேண்டும். அதோடு, தாண்டிவந்த வீட்டுக்குச் சிலுவை திரும்பிப் போகாது. இது ஃபாதர் வைத்த விதி இல்லை, அதற்கும் பழையது. ஒரு வீட்டுக்குத் திரும்பினால், காலையில் கதவு திறக்காமல் மத்தியானம் மனம் மாறிய எல்லா வீட்டுக்கும் திரும்ப வேண்டும்.

"அண்ணே…" என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. திரும்பாது."

"இங்கயே முத்தம் குடுத்துட்டுப் போங்க. வாங்க."

அவளே போய்ச் சிலுவையை எடுத்துவந்து பிடித்தாள். இருபத்துமூன்று வீட்டு உதடுகள் பட்ட வெள்ளி. ஒவ்வொரு தடவையும் துணியால் துடைத்துத் துடைத்து, கால்மாட்டில் மழமழவென்று ஆகிவிட்டது. பெல்மிரோ குனிந்து முத்தமிட்டார். குளிர்ச்சியாக இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இது வேறு ஒருவர் வீட்டுத் தரை.

"சாப்பிட்டுப் போங்க" என்றாள் வீட்டுக்காரம்மா.

"கதவு தொறந்து கெடக்கு. பூனை கேக்கை விட்டு வைக்காது."

"கேக்கா?" எர்மீனியோவின் வாய் திறந்தபடி நின்றது. "நீயா செஞ்ச?"

"பின்ன எறும்பா செஞ்சுது?"

சிரித்தார்கள். சிரிக்கக் கிடைத்ததே என்று சற்று அதிகமாகவே சிரித்தார்கள். கிராசிந்தா மட்டும் வாசல்வரை கூடவே வந்தாள்.

"நாளைக்கு நான் வர்றேன்ணே. சிலுவை இல்லாம. சும்மா."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு" என்றார் பெல்மிரோ. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனால் அதற்குள் நாலு எட்டு நடந்துவிட்டார். திரும்பிப் பார்ப்பது அவருக்குக் குறிகளோடு மட்டும்தான் பழக்கம்.

வீட்டுக்குப் பழைய வழியாகவே திரும்பினார். பாலம் இல்லை என்றாலும் அரைமணி நேரம் மிச்சம். போர்த்து பக்கத்துப் பிரிவில் பழைய இணைகோடுகள் இன்னும் அழியாமல் மேலே வா என்று சொல்லிக்கொண்டிருந்தன. இங்கே பெருக்கல் குறி போடும் வேலைதான் அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தது.

ஓடைக்கரையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றும்போது மணலில் தடங்களைப் பார்த்தார். வெறுங்கால் தடம். இரண்டு பேர். ஒன்று பெரிய கால், ஒன்று சின்னது. அவரைப்போலவே இங்கே உட்கார்ந்து கழற்றியிருக்கிறார்கள். மணலில் இரண்டு பைகளை வைத்த அழுத்தமும் இருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிழலில் இருந்த கல்மேல் தடங்களின் ஈரம் இன்னும் முழுக்கக் காயவில்லை. கொவேலா பக்கம் போயிருக்கிறார்கள்.

பெல்மிரோ காலணிகளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடையைக் கடந்தார். அந்தக் கரையில் மாட்டிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. அன்று இரண்டாம் தடவையாக ஓடினார். இந்தத் தடவை தன் வீட்டைப் பார்த்து ஓடினார். பாதையில் கல்லும் முள்ளும் இருந்தன. உள்ளங்காலில் ஏதோ குத்தியது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"ஹோய்!" என்று ஒரு தடவை கத்தினார். பள்ளத்தாக்கு அதை வாங்கிவைத்துக்கொண்டது. திருப்பித் தரவில்லை.

வாசலில் தழை கசங்கியிருந்தது. சோம்பு வாசனை முன்பைவிடப் பலமாக அடித்தது. மிதிபட்டால்தான் அந்த வாசனை முழுசாக வெளியே வரும். படியில் ஒரு கமேலியா இதழ் ஈரக்காலில் ஒட்டி உள்ளே போய், அறை நடுவில் விழுந்து கிடந்தது. தரையில் ஈரத்தடங்கள் பாதி காய்ந்திருந்தன. வெயில் விழும் இடத்தில் இரண்டு ஜோடிக் காலுறை விரித்துக் காயவைத்த அடையாளம், கல்தரையில் கருப்பாக நாலு ஈரத்திட்டு.

"யாராவது இருக்கீங்களா?" என்றார். தன் வீட்டிலேயே தானே.

மேசையில் கேக்கில் இரண்டு துண்டு குறைந்திருந்தது. ஒழுங்காக, ஓரம் சிதையாமல் வெட்டியிருந்தார்கள். இரண்டு குவளைகளைக் கழுவித் துணியின்மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பாதாமில் கை வைக்கவில்லை. முக்காலி சுவரோரம் நகர்ந்திருந்தது. இரண்டு நாற்காலிகள் இழுத்துப் போடப்பட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. அதில் ஒன்று ஜன்னலோரத்து நாற்காலி. அதில் ஒத்தீலியாவுக்குப் பிறகு யாரும் உட்கார்ந்ததில்லை.

குவளைக்கு அடியில் ஒரு தாள். பிரெஞ்சில் எழுதியிருந்தது. லியோன் பக்கத்தில் சாலைவேலையில் ஒன்பது வருஷம் கழித்தவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும். ஆனாலும் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

"வீட்டுக்காரருக்கு வணக்கம். பாலம் இல்லாததால் ஓடையில் இறங்கினோம், கழற்றிக் கையில் பிடித்திருந்த காலுறைகளும் தண்ணீரில் விழுந்து நனைந்துவிட்டன. உங்கள் வாசலில் பூக்கள் தூவியிருந்தன, கதவு திறந்திருந்தது, மேசையில் கேக் இருந்தது. நடந்து வருகிறவர்களுக்காக இந்த ஊரில் செய்யும் வழக்கமோ என்று நினைத்தோம். தவறாக இருந்தால் மன்னியுங்கள். குரல் கொடுத்துப் பார்த்தோம். இருபது நிமிடம் உங்களுக்காகக் காத்திருந்தோம், யாரும் வரவில்லை. இவ்வளவு நல்ல கேக்கை நாங்கள் சாப்பிட்டதில்லை. மாத்தில்து, யோரிஸ்."

இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவர் போர்த்தில், வேறு ஒருவர் வீட்டில், ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு வந்தார். தடங்கள் கீழே, கொவேலா பிரிவு பக்கம் இறங்கிப் போயிருந்தன. அவர்களுக்கு இளங்கால். இந்நேரம் ஆலையைத் தாண்டியிருப்பார்கள். பின்னால் போவதில் அர்த்தமில்லை என்று தெரிந்தும் மதில்வரை போய் எட்டிப் பார்த்தார். வெகு கீழே, ஆற்று வளைவில், இரண்டு சின்னப் புள்ளிகள். ஒன்று சிவப்புப் பை, ஒன்று நீலப் பை. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

உள்ளே வந்து நாற்காலிகளை நகர்த்தாமல், சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உள்ளங்கால் முள்ளை எடுத்தார். பிறகு கேக்கில் ஒரு துண்டு வெட்டித் தின்றார். சர்க்கரை ஒரு பிடி கூடுதல். ஆனாலும் அவர்கள் எழுதியது முழுப் பொய் இல்லை.

திங்கட்கிழமை காலை பெயிண்டு டப்பாக்கள், கம்பி பிரஷ், தகர அச்சு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அடுத்த வாரம் என்று இஞ்சினியரம்மாவிடம் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் வந்துவிட்டது. போர்த்து பக்கத்துப் பிரிவில் பழைய இணைகோடுகளைத் தேய்த்து அழித்தார். சட்டென்று அழியவில்லை. பதினோரு வருஷத்துப் பெயிண்டு, ஒவ்வொரு வருஷமும் அவரே மேலுக்கு மேல் பூசியது. அந்த இடத்தில் மஞ்சளை இழுத்தார், காயவிட்டார், சிவப்பை இழுத்தார். போடாமல் விட முடியாது. ஓடைக்கல் வழுக்கும், நேற்று நனைந்து போனவர்கள் இன்றைக்கு எலும்பை முறித்துக்கொள்ளலாம். குறி குறிதான். நோட்டில் எழுதினார்: குறி எண் 121. பெருக்கல். நன்றாகத் தெரிகிறது.

நோட்டை மூடவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் அவர் வழக்கமாக எதுவும் எழுதுவதில்லை. அன்று எழுதினார்: எண் 87ஐ ஐந்து பேர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். தவறு அவர்களுடையது அல்ல. கொவேலாவில் ஒருவர் குடியிருக்கிறார் என்பதை இரண்டு பிரிவிலும் பலகை வைத்துத் தெரிவிக்க வேண்டும்.

எழுதியதை ஒருமுறை படித்தார். நகராட்சிக்குப் போய், கையெழுத்தாகி, பலகை வருவதற்குள் அடுத்த உயிர்ப்பு ஞாயிறே வந்துவிடும். வந்தாலும் வரும்.

ஆகவே ஆற்றோரமாக நடந்து கொவேலா பிரிவுக்குப் போனார். பையில் அடியில் இன்னொரு டப்பா இருந்தது, சனிக்கிழமை கதவுநிலைக்கு அடித்ததில் மிஞ்சிய சுண்ணாம்பு. மஞ்சளும் சிவப்பும் நகராட்சியுடையவை, அவற்றால் தன் விஷயம் எழுத முடியாது. சுண்ணாம்பு அவருடையது. வழியோரத்தில் கிடந்த அகலமான சிலேட்டுக்கல் ஒன்றைப் புரட்டி எடுத்து, பாறைக்குக் கீழே, பெருக்கல் குறிக்கு அடியில் சாத்தி வைத்தார். பிரஷ்ஷை நனைத்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு குறி போட்டவர், பிரஷ்ஷால் ஒரு எழுத்துப் போட்டதில்லை.

முதலில் தன் பேரை எழுதினார். அதற்குக் கீழே: மேலே நடைவழி இல்லை. வீடு உண்டு. கதவு திறந்திருக்கும்.

கடைசி வரியில் எழுத்து இடம் போதாமல் நெருங்கிவிட்டது. பரவாயில்லை.

காயும்வரை காத்திருந்தார். பிறகு முப்பது அடி எண்ணிப் பின்னால் போனார். முதுகைக் காட்டி நின்றார். ஆறு சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருவர் திரும்பிப் பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.